தள்ளுபடி வரட்டும் என்று தவணையை நிறுத்தலாமா?

கேள்வி: என் முதலாளிக்கு வங்கி 9% வட்டியில் கடன் தருகிறது. சொத்து எதுவும் இல்லாத எனக்கு வங்கியில் ஒரு சிறு கடன், தனியாரிடம் மாதம் 3% வட்டிக்கு ஒன்று, வாரத் தவணையில் இன்னொன்று (10,000க்குக் கையெழுத்து, கையில் வந்தது 9,000, வாரம் 1,000 வீதம் 10 வாரம்). அரசே எல்லோருக்கும் கடன் கொடுத்தால் என்ன? தள்ளுபடி வரும் என்கிறார்களே, அதுவரை தவணைகளை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். அரசுகள் அறிவிக்கும் தள்ளுபடி பெரும்பாலும் வங்கி, கூட்டுறவுக் கடன்களோடு நின்றுவிடும். உங்கள் கழுத்தை நெரிப்பவை மற்ற இரண்டும்தான்.

வாரக் கடனைப் பாருங்கள். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 9,000 முழுதாக உங்களிடம் இருந்தது ஏழே நாள். பிறகு வாராவாரம் கரைகிறது. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 100%ஐத் தாண்டுகிறது. மாதம் 3% என்பதும் கட்டாமல் விட்டு அசலோடு சேர்ந்தால் ஆண்டுக்கு 42%க்கு மேல்.

முதலாளிக்கு வட்டி குறைவு என்பதால் அவர் உங்களைவிட நாணயமானவர் என்று ஆகிவிடாது. அவரிடம் ஈடு காட்டச் சொத்து இருக்கிறது. தவிர, சின்னக் கடனுக்கும் பெரிய கடனுக்கும் வங்கிக்கு அலுவலகச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். அந்தச் சுமை சின்னக் கடன்காரர் தலையில் விழுகிறது. முதலாளி கடன் வாங்கிச் சொத்து சேர்க்கிறார், நீங்கள் கடன் வாங்கி மாதத்தை ஓட்டுகிறீர்கள். இடைவெளி விரியாமல் என்ன செய்யும்?

அரசு கடன் கொடுப்பது புதிதல்ல. 1777இல் அரச ஆணையால் நிறுவப்பட்ட பாரிஸ் பொது அடகு நிலையம் இன்றும் அந்த நகராட்சியின் கையில் இயங்குகிறது. ஆனால் அங்கும் அடகு வைக்க ஒரு பொருள் வேண்டும். மலிவுக் கடன் எங்கே வந்தாலும் ஆவணமும் ஆள் பழக்கமும் உள்ளவர்களே முதலில் வாங்கிக்கொள்கிறார்கள். அதனால் நான் அரசிடம் முதலில் கேட்பது வேறு: உண்மையான ஆண்டு வட்டியைக் கையெழுத்துக்கு முன்பே எழுதிக் காட்டும் கட்டாயம். அமெரிக்காவில் 1968இலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது.

இனி உங்கள் விஷயம். வாரக் கடனை முன்கூட்டி அடைத்தால் தொகையில் ஏதாவது குறைத்துக்கொள்வாரா என்று கடன் கொடுத்தவரைக் கேளுங்கள். மாட்டேன் என்றால் அவசரப்பட்டு அடைப்பதில் லாபமில்லை, வட்டியை அவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார். பத்தாவது வாரத்தோடு முடித்துவிடுங்கள், "இன்னொரு 10,000 தரட்டுமா?" என்பார், வேண்டாம். வாரம் போய்க்கொண்டிருந்த அந்த 1,000ஐ அப்படியே மாத வட்டிக் கடனின் அசலுக்குத் திருப்புங்கள். வங்கித் தவணை தவறாமல் போகட்டும், ஒழுங்காகக் கட்டியவர் என்ற பெயர் இருந்தால்தான் அங்கேயே கூடுதல் கடன் கேட்டுத் தனியார் கடனை ஒரேயடியாகத் தீர்க்க வழி பிறக்கும். அசலில் கட்டும் ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள். வெற்றுக் காசோலையோ பத்திரமோ கொடுத்திருந்தால், கடைசித் தவணையைக் கொடுக்கும்போதே அதைக் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள்.