சுவருக்கு மெஷின், ஜன்னலுக்கு ஹோஸ்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலுக்குக் கிட்டத்தில் எங்கள் வீடு. யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னல்களில் இரட்டைக் கண்ணாடி போட்டிருக்கிறோம். மழை முடிந்து சுவரெல்லாம் பாசி. பொங்கலுக்குள் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷர் மெஷினை வாடகைக்கு எடுத்து அடிக்க நினைக்கிறோம். இப்படி அடித்த ஒரு வீட்டில் கண்ணாடிக்குள்ளே மூட்டம் போட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். ஜன்னலுக்கு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. தெறிக்கிற அழுக்குத் தண்ணீரை ஷீட் தடுக்கும். நேராகப் பாய்கிற தண்ணீர் அதைக் கிழித்துக்கொண்டு போய்விடும். மெஷினை ஜன்னல் பக்கம் திருப்பாமல் இருப்பதுதான் உண்மையான பாதுகாப்பு.

கண்ணாடி உடையுமோ என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் கெடுவது அதன் ஓரம். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் சுற்றிலும் ஓர் அலுமினியப் பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். உற்றுப் பார்த்தால் அதில் ஊசி முனை அளவில் வரிசையாகத் துளைகள் தெரியும். பட்டைக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. பட்டையின் இரு பக்கமும் பியூட்டைல் ஒட்டு, அதற்கு வெளியே பாலிசல்ஃபைடு அல்லது சிலிக்கான் பூச்சு. வீட்டு மெஷினே 100 பார் அழுத்தத்துக்கு மேல் அடிக்கும். அந்த வேகத்தில் தண்ணீர் கண்ணாடி ஓரத்தைப் பிடித்திருக்கும் ரப்பர் பீடிங்கைத் தாண்டி சட்டத்துக்குள் போய்த் தேங்கினால், ஒட்டு ஊறி மெல்ல விட்டுக்கொடுக்கும். ஈரக்காற்று உள்ளே நுழையும். மணிகள் உறிஞ்சுகிற வரை ஒன்றும் தெரியாது. அவை நிரம்பிய பிறகுதான் மூட்டம் போடும். அதனால்தான் அடித்தவர் போய்ப் பல மாதம் கழித்துச் சண்டை வருகிறது.

மெஷினை எடுப்பதற்கு முன் சட்டத்தின் அடிப்பாகத்தை வெளிப்புறமிருந்து பாருங்கள். தண்ணீர் வடிய சிறு துளைகள் விட்டிருப்பார்கள். உங்கள் பகுதியில் காற்றோடு வரும் மணல் அதை அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஜன்னல் நகரும் தண்டவாளத்தில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் கீழே ஒழுக வேண்டும். தேங்கி நின்றால் மெல்லிய கம்பியால் மணலைக் கிளறி எடுங்கள். அந்தத் துளைக்குள் மெஷினைக் காட்ட வேண்டாம். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சிலிக்கான் விரிசல் விட்டிருந்தால் புதிதாகப் போட்டு, ஒரு நாளாவது காய விடுங்கள். கொசுவலைக் கதவுகளைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

சரி, சுவர். சுழன்று அடிக்கும் முனையைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, விசிறி போல் விரியும் முனையைப் போடுங்கள். ஜன்னலைச் சுற்றி இரண்டு அடிக்கு பிரஷ்தான். மெஷின் வைத்திருப்பவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, அதிலிருந்து விலகிப் போகும் திசையில் அடிக்கட்டும். தரையில் நின்று மாடி ஜன்னலை நோக்கி அடிப்பதுதான் ஆக மோசம். மழை மேலிருந்து விழும் என்று நினைத்துச் செய்த சட்டம் அது. கீழிருந்து ஏறுகிற தண்ணீருக்கு அதில் தடுப்பு குறைவு. வாடகை மெஷினோடு வரும் ஆளிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். வேலையைச் சீக்கிரம் முடிக்க அவர் அதைத்தான் செய்வார்.

பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைத்து அடிப்பதாக இருந்தால், அலுமினிய பாகங்களில் பட்டதை உடனே கழுவுங்கள். ஜன்னல் பக்கம் ஆசிட் வேண்டவே வேண்டாம்.

கண்ணாடிக்கு சாதாரண ஹோஸ் தாராளம். முதலில் மணலும் உப்பும் போக மேலிருந்து தண்ணீர் விடுங்கள். காய்ந்த துணியால் துடைத்தால் மணல் கீறிவிடும். அப்புறம் சோப்புத் தண்ணீரில் மெல்லிய துணி, கடைசியில் ரப்பர் வைப்பர். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். காலையிலேயே முடித்துவிடுங்கள், சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் உடனே காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும்.

கடைசியாக ஒன்று. ஏசி ஓடும் அறையில் விடியற்காலையில் கண்ணாடிக்கு வெளியே முத்து முத்தாக நீர் கோத்தால் பயப்படாதீர்கள். விரலால் துடைத்தால் போய்விடும். உள்ளே துடைத்தும் வெளியே துடைத்தும் போகாத மூட்டம்தான் ஒட்டு போனதற்கு அடையாளம். அப்போதும் முழு ஜன்னலையும் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சட்டம் நன்றாக இருந்தால் இரட்டைக் கண்ணாடியை மட்டும் அளவெடுத்து மாற்றலாம். வாரண்டி இருக்கிறதா என்று பழைய பில்லையும் தேடி எடுத்து வையுங்கள்.