வாசகர் கேள்வி–பதில்: வண்டி நின்றால் ஓய்வாகிவிடுமா?

கேள்வி: என் தம்பி போலந்தில் உள்ள ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, ஜெர்மனி, பிரான்ஸ் முதலிய நாடுகளுக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறான். 45 மணி நேர வார ஓய்வுக்கும் கேபினிலேயே படுத்துக்கொள்ளச் சொல்கிறார்களாம். நடுவில் சரக்கு இறக்கவும் கூப்பிடுகிறார்களாம். வண்டி ஓடவில்லை என்பதால் அதுவும் ஓய்வில்தான் சேரும் என்கிறார்கள். இது முறைதானா?

பதில்: இரண்டுமே முறையல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களை ஓட்டுவோரின் நேரத்தை 2006-ஆம் ஆண்டின் 561-ஆம் எண் ஒழுங்குவிதி கட்டுப்படுத்துகிறது. ஓட்டுநர் தன் விருப்பம்போல் கழிக்கக்கூடிய நேரத்தையே அந்த விதி ஓய்வு என்கிறது. வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்பது அங்கே கேள்வியே அல்ல. சரக்கு ஏற்றுவது, இறக்குவது, வண்டியைக் கழுவுவது எல்லாம் வேலைதான்.

முழு வார ஓய்வு, இடைவெளியின்றித் தொடர்ச்சியாக 45 மணி நேரம் இருக்க வேண்டும். உங்கள் தம்பி 20 மணி நேரம் ஓய்வெடுத்த பின் 2 மணி நேரம் சரக்கு இறக்கி, மீண்டும் 23 மணி நேரம் ஓய்வெடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 45 ஆகிறது. ஆனால் இரு பகுதிகளில் எதுவும், குறைக்கப்பட்ட வார ஓய்வுக்குத் தேவையான 24 மணி நேரத்தைக்கூட எட்டவில்லை. சட்டத்தின் பார்வையில் அந்த வாரம் அவருக்கு வார ஓய்வே கிடைக்கவில்லை.

ஓட்டுநரின் ஓட்டும் நேரம், வேலை, ஓய்வு ஆகியவற்றைப் பதியும் டாக்கோகிராஃப் கருவி வண்டியில் இருக்கும். அதில் கட்டில் படம் ஓய்வையும், குறுக்கே வைத்த இரு சுத்தியல்கள் மற்ற வேலையையும் குறிக்கும். சரக்கு இறக்கும்போது கட்டில் படத்திலேயே விட்டுவிடச் சொன்னால், அது பொய்ப் பதிவு. சோதனையில் பிடிபட்டால் ஓட்டுநரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே எவ்வளவு வற்புறுத்தினாலும் உள்ளபடியே பதியச் சொல்லுங்கள். ஓட்டுநர் விதிகளைப் பின்பற்ற முடியும்படி வேலையை ஒழுங்குசெய்யும் கடமை நிறுவனத்தையே சாரும். மீறல்களுக்கு நிறுவனமும் பொறுப்பாளி.

கேபின் விஷயத்தில் ஐயத்துக்கே இடமில்லை. முழு வார ஓய்வை வாகனத்தில் எடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2020-இல் வந்த திருத்தம் அதை விதியிலேயே எழுதிவைத்ததோடு, படுக்கையும் கழிப்பறை, குளியல் வசதியும் உள்ள தகுந்த தங்குமிடத்தின் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும் என்றும் சொன்னது. வெளியூரில் எடுக்கும் தினசரி ஓய்வையும் குறைக்கப்பட்ட வார ஓய்வையும் மட்டும், தகுந்த படுக்கை இருந்து வண்டியும் நின்றிருந்தால், கேபினில் எடுக்கலாம். வாரக்கணக்கில் சாலையிலேயே இருப்பவருக்கு, நிறுத்துமிடத்து இரைச்சலுக்கு நடுவே அதே நான்கு சுவர்களுக்குள் இரண்டு நாள் அடைந்துகிடப்பது உண்மையான ஓய்வாகாது என்பதே என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறையேனும் அவர் தம் வீட்டுக்கோ, தாம் சார்ந்த பணிமனைக்கோ திரும்பி வார ஓய்வு எடுக்கும்படி பயணங்களைத் திட்டமிட வேண்டியது நிறுவனத்தின் கடமை.

கேள்வி: வார ஓய்வை 24 மணி நேரமாகக் குறைத்தால், மிச்ச நேரம் ஓட்டுநருக்கு நட்டம்தானா?

பதில்: இல்லை, அது நிறுவனம் திருப்பித் தரவேண்டிய கடன். அடுத்தடுத்த எந்த இரு வாரங்களை எடுத்துக்கொண்டாலும், பொதுவாக அவற்றில் ஒரு முழு ஓய்வாவது இருந்தாக வேண்டும். குறைத்த நேரத்தை, அந்த வாரத்தை அடுத்துவரும் மூன்றாம் வாரம் முடிவதற்குள், 9 மணி நேரத்துக்குக் குறையாத மற்றோர் ஓய்வுடன் சேர்த்து, ஒரே தவணையில் கொடுக்க வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் என்று சில்லறையாகக் கழிக்க முடியாது. 24 மணி நேரம் மட்டும் ஓய்வெடுத்தவருக்கு 21 மணி நேரம் பாக்கி. அதைப் பின்னொரு முழு ஓய்வுடன் சேர்த்தால் 66 மணி நேரம் ஆகும்: வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு வண்டியை நிறுத்தியவர், திங்கட்கிழமை நண்பகல் 12 மணிக்கு முன் மீண்டும் வேலையைத் தொடங்கக் கூடாது.