மீஞ்சூர் போர்வெல்லில் உப்பு: ஆழப்படுத்த வேண்டாம், அண்ணே

மூணு ஏக்கர் நெல்லுக்குப் பாய்ச்சுற போர்வெல் தண்ணி உப்பாகுது, இன்னும் 100 அடி இறக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம் அண்ணே. சென்னைக்கு வடக்கே நம்ம மீஞ்சூர் பக்கம் பல வருஷமா மழை ஊற்றினதுக்கு மேல உறிஞ்சினதால கடல் தண்ணி உள்ளே வந்துடுச்சு. உப்புத் தண்ணி கனமானது, அடியில்தான் நிக்கும். என் பக்கத்து வயல்காரர் இறக்கினார். ஒரே போகத்தில் வரப்பெல்லாம் வெள்ளை உப்புப் பொருக்கு.

முதல்ல தண்ணிய மண் பரிசோதனை நிலையத்துல குடுத்து இசி (தண்ணியில உப்பு எவ்வளவுன்னு காட்டுற மின்கடத்துத்திறன் அளவு) பாருங்க. அது மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸைத் (dS/m) தாண்டினா நெல் மகசூல் குறைய ஆரம்பிக்கும்.

அப்புறம் கணக்கு. ஒரு ஏக்கர்ல 1 மில்லிமீட்டர் தண்ணி நின்னா சுமார் 4,000 லிட்டர். நெல்லுக்கு ஒரு போகம் 1,200 மில்லிமீட்டர்னு வெச்சா மூணு ஏக்கருக்குக் கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி லிட்டர். வேர்க்கடலைக்கு அதுல பாதி போதும். கோடையில நெல்லை விட்டுடுங்க.

சம்பாவுக்கு ஓட்டை போட்ட பிவிசி குழாயை வயலில் புதைங்க. குழாய்க்குள்ள தெரியுற தண்ணி மட்டம் மண்ணுக்குக் கீழ 15 சென்டிமீட்டர் இறங்கினதும் பாய்ச்சலாம். பூக்கும்போது மட்டும் காயவிடாதீங்க. இசி அதிகம்னா இந்த முறையே வேண்டாம், காய்ஞ்சா உப்பு மேலே ஏறும்.

ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடிக்க ஒரு பண்ணைக்குட்டை கட்டாயம் வெட்டுங்க. கொசஸ்தலையாத்துல வெள்ளம் போற அந்த சில நாள்தான் நமக்கு நல்ல தண்ணி.