டொரண்டோ தோழியைப் பார்க்கப் போகிறேன், உடம்பு தாங்குமா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 57. ஊர் திருநெல்வேலி. எட்டு வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும், பிரஷருக்கு டெல்மிசார்ட்டான் 40 காலையில் மட்டும். கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7.4. குரோஷே பின்னல் வழியாக இணையத்தில் பழக்கமான தோழி டொரண்டோவில் இருக்கிறார். வீடியோவில் அடிக்கடி பேசுவோம், நேரில் பார்த்ததில்லை. செப்டம்பரில் மூன்று வாரம் அவர் வீட்டில் தங்கப் போகிறேன். ராத்திரி ரயிலில் சென்னை, அன்றைக்கே விமானத்தில் துபாய், அங்கிருந்து டொரண்டோ. இறங்கிய மறுநாளே நயாகரா போக அவர் ஏற்பாடு செய்துவிட்டார். எனக்கு மதுரைக்குப் பஸ்ஸில் போய் வந்தாலே கால் வீங்கும். இத்தனை நாள் காத்திருந்து பார்க்கிறவர் முன்னால் தூங்கி வழிந்துகொண்டு நின்றால் அவருக்கு எப்படி இருக்கும்? சர்க்கரை இருப்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. மாத்திரையை எந்த ஊர் நேரத்துக்குப் போடுவது?

பதில்: போகலாம் அம்மா, தாராளமாகப் போகலாம். 7.4 என்பது பயணத்தைத் தள்ளிப்போட வேண்டிய அளவு இல்லை. ஆனால் மாத்திரை நேரத்தைவிட எனக்குக் கவலை தருவது "இன்னும் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். முதலில் அதைப் பேசிவிடுவோம்.

உங்கள் தோழிக்கு உங்கள் குரல் தெரியும், கைவேலை தெரியும், வீட்டுக் கதைகூடத் தெரிந்திருக்கும். உங்கள் உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீங்கள் சாப்பிடும் கிளிமிபிரைடு, சாப்பாடு தாமதமானாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஊர் சுற்றுகிற நாளில் நடை அதிகமாகி, சாப்பாடும் தள்ளிப்போனால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், பேச்சு குழறும். உங்கள் வீட்டில் இருப்பவர்கள் பார்த்ததுமே புரிந்துகொள்வார்கள். உங்களை முதன்முதலாக நேரில் பார்ப்பவர், பயண அலுப்பு என்று நினைத்து அன்போடு போர்த்திப் படுக்க வைத்துவிடுவார். அது ஆபத்தில் முடியலாம்.

அதனால் கிளம்பும் முன்பே, அடுத்த முறை பேசும்போதே சொல்லிவிடுங்கள். எனக்கு இன்ன மாதிரி ஆனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடு, 15 நிமிடம் கழித்து ரத்தச் சர்க்கரையைப் பார், ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடு, ஏறியதும் ஏதாவது சாப்பிட வை. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 911ஐ அழை. இவ்வளவுதான். சுமையாக நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். மூன்று வாரம் உங்களை வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர் இதைத் தெரிந்துகொள்ளத்தான் விரும்புவார். உங்களுக்குத் தேவையான உதவி அவர் ஒருவரிடமிருந்துதான் வர வேண்டும்.

அதே பேச்சில் நயாகராவையும் நான்காம் நாளுக்குத் தள்ளச் சொல்லுங்கள். செப்டம்பரில் டொரண்டோ நம் நேரத்தைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே மாலை ஆறரை என்றால் உங்கள் உடம்புக்கு அது விடிகாலை நான்கு மணி. உடல் வெப்பம் மிகவும் குறைந்து, தூக்கம் ஆளை அமுக்குகிற நேரம். தோழி ஆசையாகச் சாப்பாடு எடுத்து வைக்கிற வேளையில்தான் உங்களுக்குக் கண் சொருகும். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மூளைக்குள் இருக்கும் கடிகாரம் இன்னும் திருநெல்வேலியில் இருக்கிறது, அவ்வளவுதான். மேற்கே போகும்போது அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வரைதான் நகரும். முழுதாகப் பழக ஒரு வாரமாவது ஆகும். இதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவரும் எதிர்பார்த்திருப்பார், நீங்களும் சிரித்த முகத்தை வலிந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

அந்தக் கடிகாரத்தை நகர்த்துவதில் வெளிச்சத்துக்கு நிகரான மருந்து இல்லை. முதல் சில நாட்கள் மதியத்துக்கு மேல், பிற்பகல் வெயிலில் தோழியோடு வெளியே நடங்கள். இரவு ஒன்பது வரை தாக்குப்பிடித்துப் படுங்கள். பகலில் முடியவே இல்லை என்றால் அரை மணி நேரம் படுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். நடு ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு விழிப்பு வரும். அப்போது போனை எடுக்காதீர்கள். தூக்கத்துக்கு உதவும் ஹார்மோனான மெலடோனின் மாத்திரையைப் படுக்கும் நேரத்தில் போட்டால் சிலருக்குக் கொஞ்சம் உதவுகிறது. உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே போடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் தாங்களாக அதைத் தொடக்கூடாது.

சரி, மாத்திரை. விமானத்தில் இருக்கும்வரை இந்திய நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விதி: சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகுதான் மாத்திரை. 'இப்போது கொண்டுவந்துவிடுவார்கள்' என்று முன்கூட்டியே போட்டுவிடக் கூடாது. இறங்கிய பிறகு டொரண்டோ நேரத்துக்கு மாறிவிடுங்கள். முந்தைய மாத்திரை போட்டு எட்டு மணி நேரம்கூட ஆகவில்லை என்றால் அந்த ஒரு வேளையை விட்டுவிடலாம். ஒரு நாள் சர்க்கரை சற்று ஏறியிருப்பது, முன்பின் தெரியாத ஊரில் அது இறங்கிப்போவதைவிட எவ்வளவோ பாதுகாப்பு. பிரஷர் மாத்திரை சில மணி நேரம் முன்னே பின்னே ஆனாலும் பாதகமில்லை. இந்தத் திட்டத்தை உங்கள் டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாத்திரைகள், சர்க்கரை பார்க்கும் கருவி, குளுக்கோஸ் பொடி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி தவறிப்போனால் தேடி வந்து சேர நாளாகும். மருந்தின் வேதிப் பெயர் எழுதிய சீட்டும், திரும்பி வந்த பிறகும் ஒரு வாரத்துக்குப் போதுமான மாத்திரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் காப்பீடு. விருந்தினராகப் போகிறவர்களுக்குக் கனடாவின் அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது, ஆஸ்பத்திரிச் செலவு மிக அதிகம். சர்க்கரையும் பிரஷரும் இருப்பதை மறைக்காமல் எழுதி, அவற்றுக்கும் சேர்த்துக் காப்பீடு தருகிற திட்டமாகப் பார்த்து எடுங்கள். தோழியின் முகவரியும் எண்ணும் உங்கள் வீட்டில் ஒருவரிடம் இருக்க வேண்டும்.

கால் வீக்கம் பற்றி. ரயிலில் ஒரு ராத்திரி, துபாய்க்கு நான்கு மணி நேரம், அங்கிருந்து டொரண்டோவுக்குப் பதினான்கு மணி நேரம் அளவில். இதை ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். சென்னையில் ஓர் இரவு படுத்துத் தூங்கிவிட்டு விமானம் ஏறுங்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் இருப்பதுபோல் இருக்கும், காற்று மிகவும் வறண்டிருக்கும். நம் பெண்கள் நிறையப் பேர் செய்யும் ஒரு காரியம் எனக்கு எப்போதும் வருத்தம் தருவது: பாத்ரூம் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பது. உங்களுக்கு அது கூடவே கூடாது. நடைபாதை ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். யாரையும் எழுப்பாமல் எழுந்து போகலாம், விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்கலாம். உட்கார்ந்தபடியே குதிகாலையும் பாதத்தையும் மாறி மாறித் தூக்குங்கள். கெண்டைச் சதை சுருங்கும்போதுதான் காலில் தேங்கிய ரத்தம் மேலேறும். முழங்கால் வரை வரும் அழுத்தக் காலுறை உங்களுக்கு நல்லது. ஆனால் சர்க்கரை உள்ளவர் என்பதால், பாதத்தில் ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் சரியாக இருக்கிறதா என்று டாக்டர் பார்த்த பிறகே, அளவெடுத்து வாங்குங்கள். விமானத்தில் தூக்க மாத்திரை வேண்டாம், அசையாமல் கிடந்துவிடுவீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கட்டும் என்று நீங்களாக ஆஸ்பிரினும் போட வேண்டாம்.

இரண்டு காலும் லேசாக வீங்கி ஓரிரு நாளில் வடிந்தால் பயமில்லை. காலுக்குள் ரத்தம் உறைந்து ரத்தக்கட்டு வருவது அபூர்வம்தான். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணத்தில் ஏறக்குறைய 6000 பேரில் ஒருவருக்கு வரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் கணக்கு. ஆனால் அந்த அபாயம் இறங்கியதும் போய்விடாது, சில வாரம் இருக்கும். டொரண்டோவிலோ ஊர் திரும்பிய அடுத்த நான்கு வாரத்திலோ ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் அங்கே 911, இங்கே 108. விமானத்தில் வந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள்.