முந்தியது எஞ்சினா, அறிவியலா?

கேள்வி: கல்லூரி முதலாண்டு படிக்கும் மகளுக்குத் தொழிற்புரட்சி பற்றி ப்ராஜெக்ட். 'வேதியியலாளர் ஜோசப் பிளாக் உள்ளுறை வெப்பத்தை (நீர் ஆவியாகும்போது சூடு ஏறாமலே வாங்கிக்கொள்ளும் வெப்பம்) கண்டுபிடித்தார். அதை வைத்து ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார்' என்று எழுதினால் சரியா? ஜெராக்ஸ் கடையில் பைண்டிங்கோடு ரெடியாகக் கிடைக்கிறதாம், வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கெட்டில் மூடி துள்ளியதைப் பார்த்து வாட்டுக்கு யோசனை வந்த கதைதான் அதில் முதல் பக்கமாக இருக்கும். பெயரை மட்டும் மாற்றி அதையே ஐம்பது பேருக்கு விற்பார்கள். பக்கத்தை எண்ணி மார்க் போடும்வரை அந்த வியாபாரம் படுக்காது.

உங்கள் வரியும் தவறு. வாட் பிறந்தது 1736-இல். இரும்புச் சாமான் வியாபாரி நியூகோமன் 1712-லேயே இங்கிலாந்தின் டட்லி பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் எஞ்சினை வைத்துத் தண்ணீர் இறைத்துவிட்டார். வாட்டிடம் ரிப்பேருக்கு வந்தது அதன் சின்ன மாதிரி, 2 அங்குலச் சிலிண்டர். நாலைந்து இழுப்பில் நின்றுவிடும். நீராவியைக் குளிர்விக்கச் சிலிண்டருக்குள்ளேயே பச்சைத்தண்ணீர் பீய்ச்சுவதால் சுவரும் குளிர்ந்துபோகும். அதைத் திரும்பச் சூடாக்கவே அடுத்த நீராவி தீர்ந்துவிடும். ஒரு பங்கு நீரின் ஆவி ஆறு பங்கு பச்சைத்தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதை வாட்டே அளந்தார். காரணம் புரியாமல் பிளாக்கிடம் போனார், உள்ளுறை வெப்பம்தான் காரணம் என்று விளக்கம் கிடைத்தது. 1765-இல் குளிர்விக்கத் தனிக் கலம் வைக்கலாம் என்று பிடிபட்டது. இரும்பு ஆலைக்காரர் ஜான் வில்கின்சன் 1775 வாக்கில் சிலிண்டரைச் சீராகக் குடைந்து கொடுத்த பிறகே பெரிய எஞ்சின் ஒழுகாமல் ஓடியது. பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ வெப்ப எஞ்சினின் கோட்பாட்டை எழுதியது 1824-இல். நியூகோமன் எஞ்சின் ஓடி அதற்குள் 112 வருடம் ஆகிவிட்டது. ஆக, இங்கே எஞ்சின்தான் முந்தியது.

சாயத் தொழில் மட்டும் வேறு. அவுரி நீலத்தை ஜெர்மன் வேதியியலாளர் பேயர் 1880-இல் ஆய்வகத்தில் செய்தார். 1883-இல் அதன் கட்டமைப்பைச் சொன்னார். ஜெர்மனியின் பாஸ்ஃப் (BASF) நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது 1897-இல். நம் நாட்டு அவுரி விவசாயம் படுத்தது அதற்குப் பிறகு. இங்கே அறிவியல்தான் முந்தியது. ஆனால் நடுவே 17 வருடம் போனதையும் எழுதச் சொல்லுங்கள். அதிலும் ஒரு முக்கியப் படி மலிவானது, தெர்மாமீட்டர் உடைந்து கலந்த பாதரசம் வினையை வேகப்படுத்தியதால். சாயத்தைக் காட்டி எல்லாத் தொழிலும் இப்படித்தான் வளர்ந்தது என்று எழுதிவிட வேண்டாம்.

பக்கம் நிரப்ப, வீட்டிலேயே ஒரு சோதனை. அகலப் பாத்திரத்தில் 200 மில்லி தண்ணீர், மூடி வேண்டாம். தீயைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கொதிக்க எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். அங்கிருந்து 100 மில்லி ஆகும்வரை பார்த்து, அந்த நேரத்தை இரட்டியுங்கள். முழுக்க வற்றவிட்டால் பாத்திரம் கருகிவிடும். ஏறக்குறைய ஆறேழு மடங்கு வரும். நீராவிக்குள் எவ்வளவு வெப்பம் ஒளிந்திருக்கிறது என்பது அதிலேயே தெரியும்.