ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானா?

கேள்வி: மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு ஓர் ஆண் பூனைக்குட்டியைப் பரிசாகக் கொடுத்தோம். இப்போது அதற்கு இரண்டு வயது. ஒரு மாதமாக எங்கள் மெத்தையிலேயே சிறுநீர் போகிறது. அடித்தால், பழிவாங்குவதுபோல் மறுபடியும் அங்கேதான் போகிறது. ராத்திரியில் பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்திவிடுகிறோம். பூனை அவள் பொறுப்பு என்று அன்றைக்கே சொல்லிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் மணல் தட்டைச் சுத்தம் செய்வதுகூட அவள்தான். இனியும் இப்படி நடந்தால் யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். எப்படித் திருத்துவது?

பதில்: பழிவாங்கும் புத்தி பூனைக்குக் கிடையாது. போகிறபோக்கில் நீங்கள் எழுதிய அந்த ஞாயிற்றுக்கிழமைதான் விஷயமே. ஏழு நாளாகத் தண்ணீர் ஊற்றாத கழிப்பறைக்குள் நீங்கள் போவீர்களா? மணல் கட்டி கட்டியாக இறுகி, நெடி மூக்கில் ஏறும் தட்டில் கால் வைக்கப் பிடிக்காமல், மெத்தென்று சுத்தமாக இருக்கும் இடத்துக்கு அது போயிருக்கிறது. அதற்கு அடி வேறு! அடிபட்ட பூனை கற்றுக்கொள்வது உங்களைக் கண்டால் ஒளிய வேண்டும் என்பதை மட்டும்தான்.

இன்னொன்றும் கேளுங்கள். சில பூனைகளின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வெளியேறும். வெளியே வந்த உடனே அது தொற்றாது. அதற்கு 1 முதல் 5 நாள் வரை ஆகும். அன்றன்றே அள்ளிப் போட்டுவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. நீங்களோ ஒரு வாரம் ஊறவிட்டு, அப்புறம் அதில் பிள்ளையைக் கைவைக்கச் சொல்கிறீர்கள்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். ஒன்பது வயதுக் குழந்தையிடம் ஓர் உயிரைக் கொடுத்துவிட்டு, 'இனி உன் பாடு' என்று பெரியவர்கள் கை கழுவிவிடுவதற்குப் பொறுப்பைக் கற்றுக்கொடுப்பது என்று பெயர் இல்லை. பிள்ளை உதவட்டும், பழகட்டும். வீட்டுக்குள் வந்த உயிருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்களும் உங்கள் கணவரும்தான். தொந்தரவு கொடுத்தால் வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அந்தப் பெண் இப்போது தெரிந்துவைத்திருக்கிறாள். அது பூனைக்கு மட்டும்தான் என்று அவளுக்கு யார் சொல்வது?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சிறுநீர்ப்பையில் வலி இருந்தாலும் பூனை தட்டை ஒதுக்கும். தட்டில் உட்கார்ந்து முக்கி முக்கிப் பார்த்தும் சொட்டுகூட வரவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர்க்குழாய் குறுகல். அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். கருத்தடை செய்யவில்லை என்றால் அதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

தட்டை அமைதியான மூலையில், சாப்பாட்டுக் கிண்ணத்துக்குத் தள்ளி வையுங்கள். இன்னொரு தட்டும் வாங்குங்கள். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு என்பதுதான் நல்ல கணக்கு. காலையில் நீங்கள் அள்ளுங்கள், இரவு உங்கள் கணவர் அள்ளட்டும். மெத்தையை என்சைம் கலந்த திரவத்தால் துடையுங்கள். அம்மோனியா கலந்தது வேண்டாம். அதன் வாடை சிறுநீர் வாடைபோல இருப்பதால் பூனை திரும்பவும் அங்கேயே போகும்.

பால்கனி விஷயத்தைப் படித்தபோது பகீரென்றது. வலை அடித்திருப்பதாக நீங்கள் எழுதவில்லை. பூச்சியைத் துரத்தித் தாவினால் போதும், கீழே விழுந்துவிடும். எங்கிருந்து விழுந்தாலும் பூனை பிழைத்துக்கொள்ளும் என்பது வெறும் பேச்சு. தாடை உடைந்து, நுரையீரலில் அடிபட்டு வருகிற பூனைகள் ஏராளம். இன்று ராத்திரியிலிருந்தே அது உள்ளே தூங்கட்டும்.

அதற்கு முன்னால் உங்கள் மகளைக் கூப்பிட்டு, பூனையை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை என்று நீங்கள் இருவருமாகச் சொல்லுங்கள்.