மாதம் 10 பவுண்டில் இணையப் பிங்கோ: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பிரிட்டனில் வாழும் தமிழ் வாசகர்கள் இணையப் பிங்கோ குறித்து அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஊரில் தம்போலா (அழைக்கும் எண்களை டிக்கெட்டில் அடித்துவரும் ஆட்டம்) ஆடிப் பழகியவர்களுக்கு இங்குள்ள 90 எண் பிங்கோ புதிதாகத் தோன்றாது. மூன்று வரிசை, ஒன்பது பத்தி, 15 எண்கள் கொண்ட அதே டிக்கெட்தான். ஆனால் திருமண வீட்டில் ஒரு மாலையில் நான்கைந்து ஆட்டத்தோடு முடிகிற தம்போலாவுக்கும், நள்ளிரவிலும் அடுத்த ஆட்டம் காத்திருக்கிற இணைய அறைக்கும் செலவில் பெரிய வேறுபாடு உண்டு. அதனால்தான் கீழே உள்ள பதில்களில் கணக்குச் சற்று அதிகமாக இருக்கிறது.

மாதம் 10 பவுண்டுக்கு மேல் செலவிடக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். குறைந்தபட்ச டெபாசிட் 5 பவுண்டாக உள்ள தளத்தில் சேர்வதே நல்லது என்கிறார் தோழி. சரிதானா?
*வாசகி, ஈஸ்ட் ஹாம்*

குறைந்தபட்ச டெபாசிட் என்பது உள்ளே நுழைவதற்கான தொகை மட்டுமே. உள்ளே போன பிறகு பணம் எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை டிக்கெட்டின் விலையும் ஆட்டத்தின் வேகமும்தான் தீர்மானிக்கின்றன. பலர் ஆறு டிக்கெட் கொண்ட ஒரு தொகுதியாகவே வாங்குகிறார்கள். அந்த ஆறிலும் சேர்த்து 1 முதல் 90 வரை ஒவ்வோர் எண்ணும் ஒருமுறை வருவதால், எந்த எண்ணை அழைத்தாலும் நம் பக்கம் ஒன்று அடிபடும் என்ற மகிழ்ச்சியே அதற்குக் காரணம். ஓர் ஆட்டம் ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 12 ஆட்டங்கள் நடக்கும். டிக்கெட் 1 பென்னி என்றால் மணிக்கு 72 பென்ஸ், 5 பென்ஸ் என்றால் 3.60 பவுண்டு, 10 பென்ஸ் என்றால் 7.20 பவுண்டு செலவாகும். எதுவுமே வெல்லாவிட்டால் உங்கள் 10 பவுண்டு, 1 பென்னி அறையில் ஏறத்தாழ 14 மணி நேரமும், இரண்டாவதில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், மூன்றாவதில் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகவும் நீடிக்கும். தளத்துக்குத் தளம் உள்ள வேறுபாட்டைவிட அறைக்கு அறை உள்ள இந்த வேறுபாடு மிகப் பெரியது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னர் அறைகளின் அட்டவணையைப் பார்க்க முடிகிற தளமா என்று கவனியுங்கள். வாரநாள் ஒன்றில் மாலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை ஒரு தளத்தின் முகப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, தொடங்கவிருந்த ஒவ்வோர் ஆட்டத்தின் டிக்கெட் விலையையும் ஒரு கோடு போட்ட நோட்டில் குறித்துவந்தேன். ஏழு மணிக்கு 1 பென்னியாக இருந்த அதே அறை எட்டு மணிக்கு 5 பென்ஸ் ஆனது. எட்டரைக்கு 10 பென்ஸ். அறையின் பெயரும் நிறமும் மாறவேயில்லை. தானாக வாங்கும் வசதியை இயக்கிவிட்டு அடுப்படிக்குப் போனவருக்கு இந்த மாற்றம் கண்ணில் பட்டிருக்காது. நீங்கள் ஆடும் நேரத்தில் மலிவான அறைகள் திறந்திருக்கின்றனவா என்பதே உங்கள் பட்ஜெட்டுக்கு உரிய கேள்வி.

மாதம் 10 பவுண்டு என்ற முடிவை மனத்தில் மட்டும் வைத்திருக்காமல் கணக்கிலேயே டெபாசிட் வரம்பாகப் பதிந்துவிடுங்கள். 2025 அக்டோபர் 31 முதல், வாடிக்கையாளர் முதல் டெபாசிட் செய்வதற்கு முன்பே வரம்பு வைக்குமாறு தளம் கேட்க வேண்டும் என்பது விதி. வரம்பைக் குறைத்தால் உடனே நடைமுறைக்கு வரும்; கூட்ட விரும்பினால் குறைந்தது 24 மணி நேரம் காத்திருந்து மீண்டும் உறுதி செய்ய வேண்டும். தோற்ற எரிச்சலில் கை நீளும் அந்த இரவைக் கடக்க இந்த ஒரு நாள் இடைவெளி மிகவும் உதவும்.

தளம் உண்மையானதுதானா என்று எப்படி அறிவது?
*வாசகர், லெஸ்டர்*

பக்கத்தின் அடிப்பகுதிக்குச் செல்லுங்கள். பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் (Gambling Commission) தந்த உரிம எண்ணும், தளத்தை நடத்தும் நிறுவனத்தின் பெயரும் அங்கே சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். எண் அச்சிட்டிருப்பதே போதும் என்று விட்டுவிடாதீர்கள். போலித் தளங்களும் வேறொருவரின் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள பொதுப் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடி, நீங்கள் தட்டச்சு செய்த அதே முகவரி அந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறதா, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. வெளிநாட்டில் இருந்து இயங்கும் நிறுவனமானாலும், பிரிட்டனில் உள்ளவர்களுக்குச் சேவை தர 2014 நவம்பர் முதல் இந்த உரிமம் கட்டாயம்.

இந்தத் தேடலில் இன்னொரு பயனும் உண்டு. வெவ்வேறு பெயரும் வண்ணமும் கொண்ட பல தளங்களை ஒரே நிறுவனம் நடத்துவதும், ஒரே மென்பொருள் வலையமைப்பில் அறைகளையும் பரிசுத் தொகையையும் பகிர்ந்துகொள்வதும் இந்தத் துறையில் வழக்கம். மூன்று தளங்களை ஒப்பிட்டதாக நினைத்து ஒரே கடையின் மூன்று வாசல்களைப் பார்த்திருப்போம்.

10 பவுண்டு கட்டினால் 30 பவுண்டுக்கு ஆடலாம் என்ற விளம்பரம் பார்த்தேன். சிறிய தொகை வைத்திருப்பவருக்கு இது லாபம்தானே?
*வாசகி, ஹாரோ*

விளம்பரத்தின் கீழே உள்ள நிபந்தனையில் எத்தனை மடங்கு ஆட வேண்டும் என்ற எண்ணைத் தேடுங்கள். போனஸ் 20 பவுண்டு, நிபந்தனை 10 மடங்கு என்றால், அதிலிருந்து வரும் தொகையை வங்கிக்கு எடுப்பதற்கு முன் 200 பவுண்டு மதிப்புக்கு டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும். கட்டும் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் சராசரியாக 85 பவுண்டு பரிசாகத் திரும்புகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 200 பவுண்டு ஆடி முடிப்பதற்குள் சராசரியாக 30 பவுண்டு போய்விடும். கிடைத்த போனஸோ 20 பவுண்டு. சிலர் வெல்வார்கள், ஆனால் பெரும்பாலானோரின் போனஸ் நிபந்தனை நிறைவேறுவதற்கு முன்பே தீர்ந்துவிடும் என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது.

முன்பு இந்த மடங்கு 40, 50, அதற்கு மேலும் கூட இருந்தது. 2026 ஜனவரி 19 முதல் 10 மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது என்று ஆணையம் விதித்துள்ளது. பிங்கோவுக்குச் சேர வந்தவரை ஸ்லாட் எனும் சுழற்றும் சூதாட்டத்திலும் ஆட வைத்தால்தான் போனஸ் என்று இரு வகைகளைக் கலப்பதற்கும் அன்று முதல் தடை. உண்மையிலேயே நல்ல மாற்றம் இது. ஆயினும் 10 மடங்கு என்பது மேல் எல்லைதான். மடங்கே இல்லாமல், வென்றதை அப்படியே எடுத்துக்கொள்ள விடும் சலுகைகளும் உள்ளன. உங்கள் இடத்தில் நான் இருந்தால், நிபந்தனையற்ற 5 பவுண்டு மதிப்புள்ள டிக்கெட்டுகளை 10 மடங்கு நிபந்தனையுள்ள 20 பவுண்டைவிட மேலானதாகக் கொள்வேன். போனஸே வேண்டாம் என்று மறுத்துவிட்டு ஆடவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஆறு டிக்கெட்டோடு ஆடினால், நூறு டிக்கெட் வாங்குகிறவரிடம் தோற்கத்தானே வேண்டும்?
*வாசகர், குரோய்டன்*

அவர் வெல்லும் வாய்ப்பு அதிகம். அதற்கேற்ப அவர் கட்டுவதும் அதிகம். அறையில் மொத்தம் 600 டிக்கெட் விற்றிருந்தால், ஆறு வைத்திருக்கும் உங்களுக்கு முழு வீடு (ஒரு டிக்கெட்டின் 15 எண்களும்) அடிக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. அவரோடு போட்டி போட்டு டிக்கெட்டைக் கூட்டுவதால் ஒரு டிக்கெட்டுக்கு உரிய மதிப்பு அதிகரிக்காது. உங்கள் பணம்தான் வேகமாகத் தீரும்.

ஆட்கள் குறைந்த நேரத்தில் ஆடுவது நல்லதா என்பதும் பலர் கேட்பது. பரிசு என்பது விற்ற டிக்கெட்டுகளின் பங்காக இருந்தால், ஆட்கள் குறையும்போது பரிசும் குறைந்துவிடுவதால் பெரிய வேறுபாடு இல்லை. பரிசுத் தொகை முன்பே உறுதி செய்யப்பட்ட அறையில்தான் கூட்டம் குறைவாக இருப்பது நமக்குச் சாதகம்: 10 பவுண்டு உறுதி என்று அறிவித்த ஆட்டத்தில் 5 பென்ஸ் டிக்கெட் 150 மட்டுமே விற்றால், வசூலான 7.50 பவுண்டைவிட அதிகமாகவே அறைக்குத் திரும்புகிறது. இப்படி அமைவது அடிக்கடி நடக்காது. நடந்தாலும் அந்தப் பரிசு உங்களுக்கே வரும் என்று எந்த உறுதியும் கிடையாது.

14 பவுண்டு வென்றேன். எடுக்கப் போனால் முடியவில்லை. ஏமாற்றுகிறார்களா?
*வாசகி, மில்டன் கீன்ஸ்*

ஏமாற்று என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். எடுக்கக்கூடிய குறைந்தபட்சத் தொகை 20 பவுண்டாக இருக்கலாம். எனக்கும் இதே அனுபவம் உண்டு. கட்டுவதற்கு 5 பவுண்டு போதும் என்ற தளத்தில் எடுப்பதற்கு எவ்வளவு தேவை என்று பார்க்காமல் சேர்ந்தேன். கணக்கில் நின்ற 12 பவுண்டு சொச்சத்தை எடுக்கவும் முடியாமல், விட்டுவிடவும் மனமில்லாமல், எல்லையைத் தொடும் எண்ணத்தில் ஆடியே தீர்த்தேன். சிறிய தொகையில் ஆடுபவரை மிகவும் பாதிக்கும் விதி இதுவே என்று நினைக்கிறேன். கட்டும் குறைந்தபட்சத்தையும் எடுக்கும் குறைந்தபட்சத்தையும் சேர்வதற்கு முன்பே பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எடுக்கும் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கும் தளங்களும் உள்ளன. 14 பவுண்டில் 2.50 பவுண்டு கட்டணமாகப் போனால் அது ஆறில் ஒரு பங்குக்கும் மேல். கைபேசிக் கட்டணத்தோடு சேர்த்துப் பணம் கட்டும் வழியைத் தவிருங்கள்: சில இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, வென்ற தொகையும் அந்த வழியாகத் திரும்பாது. டெபிட் கார்டே போதும். கிரெடிட் கார்டில் சூதாட்டம் ஆடுவதற்கு 2020 ஏப்ரல் 14 முதல் தடை இருக்கிறது. அந்தத் தடை நியாயமானது.

அடையாளச் சான்று கேட்டு நிறுத்தியிருந்தால் நிலைமை வேறு. முன்பே கேட்டிருக்கக்கூடிய சான்றை, பணம் எடுக்கும்போது முதல் முறையாகக் கேட்டுத் தடுப்பதை விதிகள் ஏற்பதில்லை. முதலில் தளத்துக்கு எழுத்து வடிவில் புகார் அனுப்புங்கள். எட்டு வாரத்துக்குள் தீர்வு வராவிட்டால், தளத்தின் நிபந்தனைகளில் பெயர் குறிப்பிட்டிருக்கும் சுயேச்சையான தகராறுத் தீர்வு அமைப்பிடம் கட்டணமின்றிக் கொண்டுசெல்லலாம்.

வென்ற தொகைக்கு வரி உண்டா?
*வாசகர், பர்மிங்காம்*

பிரிட்டனில் ஆடுபவருக்கு இல்லை. வரி நடத்துபவருக்கே. அந்த இணைய விளையாட்டு வரி 2026 ஏப்ரலில் 21 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்வதாக அறிவிக்கப்பட்டதால், சலுகைகளின் அளவைப் பழைய நினைவில் வைத்து மதிப்பிடாதீர்கள்.

திருச்சியில் இருக்கும் அம்மாவுக்குத் தம்போலா மிகவும் பிடிக்கும். என் கணக்கில் அவர் அங்கிருந்து ஆடலாமா?
*வாசகி, சவுத்ஹால்*

கூடாது. ஒரு கணக்கு ஒருவருக்கே உரியது. வேறொருவர் ஆடியதாகத் தெரிந்தால் தளம் கணக்கை மூடி, வென்ற தொகையையும் நிறுத்திவைக்கலாம். அதைவிட முக்கியம் அங்குள்ள சட்டம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நாடு முழுவதற்கும் தடை செய்துள்ளது. அதற்கு முன்பே தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்து, ஆடுபவருக்கும் தண்டனை விதிக்கிறது. அம்மாவின் கைபேசிக்கு வரும் 'தம்போலா ஆடிப் பணம் வெல்லுங்கள்' என்ற இணைப்புகளைத் திறக்க வேண்டாம் என்று அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் நீங்களே எண்களை அழைக்க, அவர் தாளில் எழுதிய டிக்கெட்டில் பணமில்லாமல் ஆடட்டும்.

பிங்கோவுக்குக் கட்டிய 10 பவுண்டு, ஆட்டத்துக்கு ஆட்டம் இடைவெளியில் ஸ்லாட்டில் போய்விடுகிறது. சென்ற மாதம் மொத்தம் 80 பவுண்டு ஆகிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை.
*வாசகி, ஊர் குறிப்பிட வேண்டாம் என்றார்*

எழுதியதற்கு நன்றி. உங்களுக்கு வேறு தளம் பரிந்துரைக்கப் போவதில்லை. பிங்கோ அறையின் பக்கத்திலேயே ஸ்லாட் ஓடுவது தற்செயல் கிடையாது. எண் அழைக்கக் காத்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் கை சும்மா இருப்பதில்லை என்பதை அறிந்தே அங்கே வைத்திருக்கிறார்கள். 2025 முதல் ஒரு சுழற்றலுக்கு 25 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு 5 பவுண்டும், 18 முதல் 24 வயது வரை உள்ளோருக்கு 2 பவுண்டும் உச்ச வரம்பு வந்திருக்கிறது. ஆனால் சில வினாடியில் முடியும் ஆட்டத்தில் 20 பென்ஸ் கூட ஒரு மணி நேரத்தில் பெருந்தொகையாகிவிடும்.

இன்றே இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். வங்கிச் செயலியில் சூதாட்டப் பரிமாற்றத்தைத் தடுக்கும் பொத்தான் இருக்கும், அதை இயக்குங்கள். அடுத்து, சூதாட்டத் தளங்களிலிருந்து நம்மை நாமே விலக்கிக்கொள்ளும் சேவையான கேம்ஸ்டாப்பில் (GAMSTOP) பதியுங்கள்: ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தால், உரிமம் பெற்ற எல்லாத் தளங்களும் உங்களைச் சேர்க்க மறுக்க வேண்டும், இடையில் விலகவும் முடியாது. அதற்குப் பின் 'கேம்ஸ்டாப்பில் இல்லாத தளம்' என்ற விளம்பரம் உங்கள் கண்ணில் படக்கூடும். அவை பிரிட்டன் உரிமம் இல்லாதவை, அங்கே கட்டிய பணத்துக்கு யாரிடமும் முறையிட முடியாது.

பேச வேண்டும் என்று தோன்றினால், தேசியச் சூதாட்ட உதவி எண் 0808 8020 133. இரவு எந்த நேரமானாலும் எடுப்பார்கள், அழைப்புக்குக் கட்டணம் இல்லை. 80 பவுண்டில் நிற்கும்போது அழைப்பதற்கு எந்தத் தயக்கமும் வேண்டாம்.